‘பியானோ இசை வழங்கப்பட்டது’: யாரால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்து நகரொன்றில் கடந்த மார்கழி மாதம் கிறிஸ்து பிறப்பையொட்டி நடைபெற்ற ஒளிவிழா இசை நிகழ்ச்சியைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் பிராந்தியப் பக்கத்தில் அரைப்பக்க அளவில் செய்தி வெளியிட்டிருந்தமைக்கு முதலில் நன்றி கூறவேண்டும். எங்கள் பகுதிச் செய்தி என்றாலே சம்பளப் பேச்சுவார்த்தையும் மண்சரிவும் குளவிக்கொட்டும்தான் என்றாகிவிட்ட நிலையில், பிள்ளைகளின் பாட்டுக்கு அவ்வளவு இடம் கிடைத்தது சிறிய காரியமல்ல. தனிப்பாடல் பாடிய மாணவியின் பெயர் அதில் இருந்தது. வயலின் வாசித்த மாணவனின் பெயரும் இருந்தது. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், மாலை அணிவித்தவர், நன்றியுரை நிகழ்த்தியவர் ஆகிய அனைவரின் பெயர்களும் பட்டங்களோடு இடம்பெற்றிருந்தன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆசனத்தை விட்டு எழாமல் பியானோ வாசித்த பெண்ணைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வாக்கியம்: ‘பாடல்களுக்குப் பியானோ இசை வழங்கப்பட்டது.’ செய்தவரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லிவிட்டுப் போவதற்குச் செயப்பாட்டு வினையைப் போல வசதியானது வேறில்லை. படத்திலும் பியானோவின் ஒரு மூலையும் இரண்டு விரல்களும் தெரிந்தன, மிகுதியைக் கத்தரித்துவிட்டார்கள்.

குறைகூறுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நிகழ்ச்சி நிரலிலும் அப்பெண்ணின் பெயர் அச்சாகியிருக்கவில்லை என்பதால், தங்கள் செய்தியாளர் அதைக் கேட்டறிந்துதான் எழுதியிருக்க முடியும். அந்த நிரலைத் தயாரித்த குழுவில் நானும் ஒருத்தி. ஒலிபெருக்கியை வாடகைக்குத் தந்த கடையின் பெயரைப் பின்னட்டையில் போடுவதற்கு மறக்காத நாங்கள் இவளை மறந்துவிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேலைத்தேய சங்கீதம் கற்பித்து, அதில் பெரும்பகுதியைப் பிறருடைய பாட்டுக்கும் பிறருடைய வயலினுக்கும் பக்கத்தில் இருந்து பியானோ வாசிப்பதிலேயே கழித்த எனக்கே, தங்கள் செய்தியை வாசிக்கும்வரை அது உறைக்கவில்லை. ஆகவே இதை என் பங்குக்கான ஒப்புதலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கவாத்தியம் வாசிப்பவரைப் பற்றி நம் மொழி என்ன நினைக்கிறது என்பதை அதன் வசைச் சொற்களில் பார்க்கலாம். ஒருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். ‘பின்பாட்டுப் பாடுகிறான்’, ‘தாளம் போடுகிறான்’, ‘ஜால்ரா அடிக்கிறான்’ என்கிறோம். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றை அடக்கி, மூச்சு அறுபடாமல் ஒரே சுருதியை மணிக்கணக்கில் பிடித்து நிற்பது எத்தனை கடினமான வேலை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். எங்கள் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் தப்பு என்ற பறையை அடிப்பவர் கையை எடுத்துவிட்டால் ரதியும் மன்மதனும் நின்ற இடத்தில் நிற்கவேண்டியதுதான். இருந்தும் அந்த வேலைகள் எல்லாம் ஏச்சுப் பேச்சாகிவிட்டன. அரங்கேற்ற அழைப்பிதழ்களில் நாம் ‘அணிசெய் கலைஞர்கள்’ என்று போடுகிறோம். அழகான சொல்தான், ஆனால் அணியைக் கழற்றி வைத்துவிட்டும் கல்யாணம் நடக்கும் என்ற எண்ணம் அதற்குள்ளும் ஒளிந்திருக்கிறதோ என்பது என் சந்தேகம்.

அந்த வேலை எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1889 ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட அசோசியேட்டட் போர்ட் என்ற அமைப்பு நடத்தும், எட்டுத் தரங்களைக் கொண்ட இசைப் பரீட்சைகளை எங்கள் பிள்ளைகளும் எழுதி வருகிறார்கள். வயலின் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையோடு பியானோ வாசிப்பவரும் உள்ளே போகவேண்டும். பியானோ தேவைப்படும் உருப்படிகள் முடிந்ததும் அவர் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. ஸ்வர வரிசைகளையும் பார்த்தவுடன் வாசிக்கும் பகுதியையும் பிள்ளை தனியே எதிர்கொள்ளும். நாங்கள் தாழ்வாரத்து வாங்கில் அமர்ந்து, மூடிய கதவின் வழியே வரும் ஸ்வரங்களை எண்ணிக்கொண்டிருப்போம்.

ஒருமுறை ஐந்தாம் தரத்துப் பரீட்சைக்காக ஒரு தோட்டத்து மாணவியைக் கண்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இறங்கும்போதே அந்தப் பிள்ளைக்குத் தலைசுற்றலும் வாந்தியும். பரீட்சை அறையில் இரண்டாவது உருப்படியின் நடுவே அவள் எட்டுத் தாள அளவைத் தாண்டிக் குதித்துவிட்டாள். தான் குதித்ததை அவள் உணரவில்லை. வில் மேலிருந்து கீழே இழுபட வேண்டிய இடத்தில் கீழிருந்து மேலே போனதைக் கடைக்கண்ணால் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவள் போய்ச் சேர்ந்த வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. தாளைப் புரட்டுவதற்குக் கை இல்லை. மனப்பாடமாக இருந்த இடது கையின் அடி ஸ்வரத்தை முதலில் பிடித்துக்கொண்டேன். அரைத் தாளம் கழித்து வலது கையும் வந்து சேர்ந்தது. பரீட்சகர் எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. நாங்கள் விட்டுப்போன எட்டு அளவுகளை அவர் கவனித்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஓட்டம் உடையவில்லை. வெளியே காத்திருந்த தாய், “மிஸ், புள்ள நல்லா வாசிச்சிச்சா?” என்று கேட்டார். “நல்லா வாசிச்சிச்சி” என்றேன். அது பொய்யுமல்ல.

கலைஞரோடு சேர்ந்து மூச்சு விடுவது என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்வது இதைத்தான். பாடுபவர் எங்கே மூச்சு எடுப்பார், எந்தச் சொல்லில் சற்று நிற்பார், இன்று தொண்டை கட்டியிருக்கிறதா, அப்படியாயின் நீண்ட வரியைக் கொஞ்சம் விரைந்து முடித்துக்கொடுக்க வேண்டுமா என்பவற்றை எல்லாம், தன் பத்து விரல்களுக்கும் இரண்டு பாதங்களுக்கும் உரிய வேலையைச் செய்துகொண்டே கவனிக்க வேண்டும். மலைக்குளிரில் குரல் எழாத பாடகர் மேடைக்கு ஏறும் வழியில், “ஒரு ஸ்வரம் இறக்கி வாசிக்க முடியுமா?” என்று கேட்பார். ஆர்மோனியக்காரருக்கு அது பழகிப்போன வேலை. கண் முன்னே அச்சிட்ட தாளில் ஒன்று இருக்க, கை இன்னொன்றை வாசிப்பதற்கோ பல ஆண்டுப் பயிற்சி தேவை. ஒரு பியானோவில் 88 கட்டைகள். அவற்றில் ஒன்றிலேனும் தவறாக விழுந்துவிட்டால், முகம் சுளித்த பார்வைகள் பாடகரை விட்டுவிட்டு எங்கள் பக்கமே திரும்பும். அப்போது மட்டும் நாங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

பியானோ பாட்டுக்கு வெறும் துணையா என்ற கேள்விக்கு ஒஸ்திரிய இசையமைப்பாளர் பிரான்ஸ் ஷூபேர்ட் 1814 ஆம் ஆண்டிலேயே விடை எழுதிவிட்டார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. கோதேயின் கவிதைக்கு அவர் அமைத்த பாடலில், இராட்டையின் முன் அமர்ந்து நூல் நூற்கும் பெண்ணொருத்தி, தன்னை விட்டுப் போனவனை நினைத்துப் பாடுகிறாள். வலது கையில் இராட்டையின் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது; இடது கையில் காலடியின் மிதிகட்டை. அவனுடைய பார்வை, நடை, பேச்சு என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தவள் அவனுடைய முத்தத்தை நினைக்கும் கணத்தில் கை நின்றுவிடுகிறது. சக்கரமும் நிற்கிறது. அதன் பின் பியானோ மட்டும் தயங்கித் தயங்கி ஒரு சுற்றை எடுக்கிறது, விட்டுவிடுகிறது, மறுபடி எடுக்கிறது. பிறகுதான் பழைய ஓட்டம் திரும்புகிறது. அந்த இடத்தில் அவளுடைய மனம் பட்ட பாட்டைச் சொல்வது பாடகியின் குரலல்ல, பியானோவில் இருப்பவரின் விரல். அடுத்த ஆண்டு, இரவில் நோயுற்ற மகனைக் குதிரையில் ஏந்திச் செல்லும் தந்தையைப் பற்றிய பாடலை எழுதியபோது, குதிரையின் குளம்பொலியை முழுவதும் வலது கையிடம் ஒப்படைத்தார். மணிக்கட்டு வலியெடுக்கும் அந்தப் பகுதியில் மும்மூன்றாக வரும் ஸ்வரங்களை இரண்டிரண்டாக்கி எளிமைப்படுத்திய பிரதி ஒன்றையும் ஷூபேர்ட்டே எழுதி வைத்திருக்கிறார் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஆறுதல்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமான் 1840 ஆம் ஆண்டு எழுதிய பாடற்கோவை ஒன்றில், பாடகர் கடைசிச் சொல்லைப் பாடி முடித்த பின்னரும் பியானோ தனியே நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கும். பாடகர் கைகளைக் கோத்தபடி நின்று கேட்க வேண்டும். நம் மண்டபங்களில் அந்த இடத்தில் யாராவது ஒருவர் கைதட்டத் தொடங்கிவிடுவார், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒருமுறை அந்தப் பின்னிசையை நான் கைதட்டலுக்கு அடியிலேயே வாசித்து முடித்தேன்.

இந்த வேலையை ஒரு முழு வாழ்நாள் தொழிலாக உலகம் ஏற்கும்படி செய்தவர்களில் ஜெரால்ட் மூர் முக்கியமானவர். 1899 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வொட்ஃபோர்டில் பிறந்து, இளமையில் சில ஆண்டுகளைக் கனடாவின் டொரன்டோவில் கழித்து, நாடு திரும்பியவர். தொடக்கத்தில் அவரும் அலட்சியமாகவே பக்கவாத்தியம் வாசித்தவர்தான். ஜோன் கோட்ஸ் என்ற பாடகர்தான் தன்னைத் திருத்தி எடுத்தவர் என்று அவரே நன்றியோடு சொல்லியிருக்கிறார். செலோ மேதை பாப்லோ கசால்ஸ், பாடகி கத்லீன் ஃபெரியர் முதலானோர் அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார்கள். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பே, ‘என் சத்தம் அதிகமாகிவிட்டதா?’ என்ற பொருள் தரும் கேள்வி. பாடகரிடம் ஒத்திகையில் ஒவ்வொரு நாளும் நாங்கள் கேட்கும் கேள்வி அது. 1967 பெப்ரவரி 20 ஆம் திகதி லண்டனின் ரோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் அவருடைய பிரியாவிடைக் கச்சேரி நடந்தபோது, எலிசபெத் ஷ்வார்ஸ்கொப், விக்டோரியா டி லொஸ் ஏஞ்சலஸ், டீட்ரிஷ் ஃபிஷர் டீஸ்காவ் என்ற மூன்று பெரும் பாடகர்கள் அவருக்காகவே ஒரே மேடையில் பாடினார்கள். அவர்கள் பாடி முடித்த பிறகு மூர் தனியே அமர்ந்து, இசைக்கு நன்றி கூறும் ஷூபேர்ட்டின் பாடலொன்றைப் பாடகர் இல்லாமல் பியானோவில் மட்டும் வாசித்து விடைபெற்றார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் பாட்டுக்கு இடம்விட்ட கை, கடைசியில் அந்தப் பாட்டையும் தானே எடுத்துக்கொண்டது. அந்த ஒலிப்பதிவை நான் கேட்ட இரவில் எங்கள் பகுதியில் வழக்கம்போல மின்வெட்டு வந்து பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை மறுநாள்தான் கேட்டேன்.

வெளிநாட்டுக் கதை எங்களுக்கு எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். அவருக்காக நம் நாட்டில் பிறந்த ஒருவரின் பெயரைச் சொல்கிறேன். ரொஹான் டி சில்வா என்ற பியானோக் கலைஞர் இலங்கையில் தம் தாயாரிடமும் பின்னர் மேரி பில்லிமோரியாவிடமும் பயின்று, லண்டனின் ரோயல் அக்கடமி ஒஃப் மியூசிக்கில் ஆறு ஆண்டுகள் கற்றவர். ஜனாதிபதி நிதியத்தின் கலைத்துறைப் புலமைப்பரிசில் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. அதைக்கொண்டுதான் நியூயோர்க்கின் ஜூலியார்ட் கல்லூரிக்குச் சென்றார். அங்கே பியானோவை மட்டும் கற்றுக்கொண்டு இருந்துவிடவில்லை. வயலின் கற்பிப்பதில் உலகப் புகழ்பெற்ற டொரதி டிலேயோடு நெருங்கிப் பணியாற்றினார். 1990 ஆம் ஆண்டு மொஸ்கோவில் நடந்த ஒன்பதாவது சாய்கோவ்ஸ்கி சர்வதேசப் போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான விசேட பரிசு அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டிலிருந்து ஜூலியார்டிலேயே ஆசிரியர். ஜோஷுவா பெல், மிடோரி, கில் ஷாஹம் என்று வயலின் உலகின் முன்னணிப் பெயர்கள் பலவற்றோடும் அவர் வாசித்திருக்கிறார். எல்லாவற்றிலும் மேலாக, வயலின் மேதை இற்சாக் பேர்ல்மன் உலகெங்கும் நடத்திய கச்சேரிகளில் நீண்ட காலமாக அவர் பக்கத்துப் பியானோவில் அமர்ந்திருந்தவர் இந்த இலங்கையர்தான்.

அவருடைய தொழில்வாழ்க்கையில் நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தனிக்கச்சேரி வாசிப்பவராக வர முடியாமற்போனதால் பக்கத்துக்கு ஒதுங்கியவர் அல்லர் அவர். ரோயல் அக்கடமியை விட்டு வரும்போதே அங்கு சிறந்த வாசிப்புக்கான செப்பல் தங்கப் பதக்கத்தோடு வந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் தெரிந்தெடுத்த தொழில் இது. பேர்ல்மனோடு அவருக்கு முன்னர் பல ஆண்டுகள் வாசித்தவர் சாமுவேல் சாண்டர்ஸ். 1999 இல் காலமான சாண்டர்ஸின் பெயரால் வழங்கப்படும் விருதை 2005 ஆம் ஆண்டு கார்னகி மண்டபத்தில் பெற்றுக்கொண்டவர் ரொஹான் டி சில்வா. பக்கத்தில் இருந்து வாசித்தவரின் பெயரில் ஒரு விருது, அதைப் பெறுபவரும் பக்கத்தில் இருந்து வாசிப்பவர். இத்துறைக்கென்று தனிப் பட்டப்படிப்பை அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1947 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இப்போது அங்கெல்லாம் ‘இணைந்து இசைக்கும் பியானோக் கலைஞர்’ என்ற பொருளில்தான் பெயரிடுகிறார்கள். பெயர் மாறியதால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. பீத்தோவனும் பிராம்ஸும் தங்கள் வயலின் சொனாட்டாக்களைப் ‘பியானோவுக்கும் வயலினுக்கும்’ என்று பியானோவை முன்னிட்டே அச்சிட்டார்கள். இருந்தும் மக்கள் அவற்றை வயலின் சொனாட்டா என்றே அழைக்கிறார்கள்.

நம்முடைய கர்நாடக சங்கீதத்தில் பக்கவாத்தியத்துக்குக் கிடைக்கும் மரியாதை இதைவிட மேல் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். ஒரு வகையில் உண்மை. தனி ஆவர்த்தனம் என்று மிருதங்கத்துக்குத் தனி நேரமே ஒதுக்கியிருக்கிறோம். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைக் கேட்பதற்கென்றே கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்க வித்துவான் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966 இல்தான், அதுவும் அதே மணி ஐயருக்குத்தான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபையில் பாதிப்பேர் தேத்தண்ணி குடிக்க எழுந்து போவதையும் நண்பருக்கு நினைவூட்டினேன்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். இங்கே பியானோ இல்லாமல் இல்லை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கப்பலில் வரவழைத்துப் பங்களாக்களில் வைத்திருந்தவை, 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி அவர்கள் நாடு திரும்பியபோது ஆலயங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கைமாறின. நான் முதன்முதலில் தொட்டதும் அப்படி வந்த ஒன்றைத்தான். பங்களாவிலிருந்து கொழுந்து லொறியில் ஏற்றி, மேலே படங்கு போர்த்தி, ஆலய மண்டபத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஒரு பியானோவின் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் சேர்ந்து பதினைந்து தொன்னுக்கு மேலான விசையில் இழுபட்டு நிற்கின்றன. அவற்றின் ஒலியைப் பெருக்கித் தரும் மரப்பலகை மூடுபனியில் ஊறி, வெயிலில் உலர்ந்து, மறுபடி ஊறுகிறது. 1,200 மீற்றருக்கு மேலே ஆனி ஆடி மழை நாட்களில் கம்பி துருப்பிடிக்கும். சுத்தியலின் கம்பளத்தை அந்துப்பூச்சி தின்னும். அழுத்திய கட்டை மேலெழாது. அடிப்பலகைக்குள்ளே சிறிய மின்குமிழ் ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டு ஈரத்தைப் போக்குவது எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். எங்கள் பியானோவில் நடுஸ்வரத்துக்கு அடுத்த கட்டை மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஸ்வரம் அடிக்கடி வரும் பாடல்களை ஒளிவிழாவுக்குத் தெரிவு செய்யாமல் விடுவேன். தவிர்க்க முடியாதபோது, அழுத்திய விரலாலேயே கட்டையை மேலே தட்டிவிடப் பழகிக்கொண்டேன். தங்கள் செய்தியில் பெயரற்றுப் போன பெண்ணும் அதே பியானோவில்தான் வாசித்தாள். அந்தக் கட்டை ஒட்டியது சபையில் ஒருவருக்கும் தெரியாதபடி வாசித்தாள்.

பியானோவைவிட இப்போது பெருகியிருப்பது மின்சாரக் கீபோர்ட். யமஹாவும் கசியோவும் இல்லாத ஆலயமோ பஜனை மண்டபமோ அருமை. நல்லதுதான், தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுக்குள் பியானோ நுழையாது, கீபோர்ட் நுழையும். எனினும் அதிலுள்ள இரண்டு பொத்தான்கள் என் மாணவர்களைக் கெடுத்திருக்கின்றன. ஒன்று, சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான். அதை அழுத்தத் தெரிந்த பிள்ளை, கையால் சுருதி மாற்றி வாசிக்கக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. பியானோவின் முன் அமர்த்தினால் விழிக்கிறது. மற்றையது, ‘ஸ்டைல்’ என்று சொல்லப்படும் தானியங்கித் தாளம். அதைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். பாடுபவள் மூச்சு எடுக்க நின்றாலும் அதற்குத் தெரியாது. சொல்லை மறந்து திணறினாலும் காத்திருக்காது. ஏழு வயதுப் பிள்ளையொன்று மேடையில் இரண்டாம் சரணத்தை மறந்து அழத் தொடங்கிய பிறகும், அந்த இயந்திரம் உற்சாகமாக டிஸ்கோ தாளம் அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு மனிதர் அமர்ந்திருந்தால், முதல் வரியின் ஸ்வரங்களை மெல்ல எடுத்துக் கொடுத்திருப்பார்; பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. பரீட்சைக் கட்டணத்தை மாதக்கணக்கில் மிச்சம் பிடித்துக் கட்டும் தோட்டத்துப் பெற்றோரிடம் நான் பணம் வாங்கியதில்லை; அது என் விருப்பம். வசதியுள்ள நிறுவனங்களின் விஷயம் வேறு. ஒரு விழாவுக்கு மூன்று ஒத்திகைகளும் நிகழ்ச்சியுமாக நான்கு நாட்கள் வாசித்த பின், பாடகர்களுக்கு உறை கொடுத்தவர்கள் எனக்கு ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்து, “டீச்சருக்குச் சங்கீதம்தானே சந்தோஷம்” என்றார்கள். சந்தோஷம்தான், ஆனால் பஸ்காரர் சந்தோஷத்தை வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்வதில்லை. பியானோ படிக்கும் பிள்ளை வைத்தியராகவோ ஆசிரியராகவோ வந்துவிட்டு ஓய்வு நேரத்தில் வாசிக்கட்டும் என்று பெற்றோர் நினைப்பதில் தவறில்லை. ஆனால் பாடகர்களுக்கும் வயலின் மாணவர்களுக்கும் பரீட்சைகளுக்கும் பாடற்குழுக்களுக்கும் ஆடற்பள்ளிகளுக்கும் பியானோ வாசிப்பவர் தேவை என்பதையும், தனிக்கச்சேரி மேடை ஏறுபவர்களைவிட இந்த வழியில் பிழைப்பை நடத்துபவர்களே உலகில் அதிகம் இருக்கக்கூடும் என்பதையும் யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பார்த்தவுடன் வாசிக்கும் திறமையை வளர்த்துக்கொண்ட ஒரு பிள்ளைக்குக் கண்டியிலும் கொழும்பிலும் வேலை கிடைக்கும் என்பதை என் மாணவிகள் இருவர் மூலம் கண்டிருக்கிறேன். அதற்கு ஐந்தாம் தரம் தாண்டிய ஒவ்வொரு பிள்ளையையும், தனியாக வாசிக்க விட்டுவிடாமல், வாரம் ஒருமுறையாவது வேறொரு பிள்ளையின் பாட்டுக்குப் பக்கத்தில் அமர்த்த வேண்டும். இதைச் செய்வதற்குப் புதிய கட்டடமோ சுற்றுநிருபமோ தேவையில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் நேர அட்டவணையில் அரைமணி நேரத்தை ஒதுக்கினால் போதும். ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் நான் அதைச் செய்துவருகிறேன்.

தங்களிடம் கேட்பது சிறிய விஷயம். இனிமேல் இசை நிகழ்ச்சியொன்றைப் பற்றிச் செய்தி எழுதும்போது, மிருதங்கமோ ஆர்மோனியமோ பியானோவோ, பக்கத்தில் இருந்து வாசித்தவர் யார் என்று செய்தியாளர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும். கிடைக்கும் பெயரைச் செய்தியில் சேர்க்கட்டும். இடம் போதாவிட்டால் கௌரவ விருந்தினர்களில் ஒருவரைக் குறைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி நிரல் அச்சிடும் பாடசாலைகளுக்கும் ஆலயங்களுக்கும் இதே வேண்டுகோளை விடுக்கிறேன். எங்கள் குழுவின் அடுத்த நிரலில் அந்தப் பெயர் பாடகியின் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் இருக்கும்.

ஒளிவிழா நிகழ்ச்சி நிரலின் பிரதியொன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பியானோ வாசித்தவரின் பெயர் அதில் அச்சாகவில்லை என்பதால் மூன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியுள்ளேன். அவளுடைய பெயரில் வருவது றகரம், ரகரம் அல்ல. திருத்தம் வெளியிடும்போது அச்சுக்கோப்பவரிடம் அதைச் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
ஹட்டன்.